மீசை வெச்ச பூசணிக்காய்

சித்தெ நகந்து உக்காருங்க. எனக்கில்லீங்க, இந்தக் காய்க்கு. நான் எங்க வேணும்னாலும் ஒண்டிக்குவேன், இது ஒரசக் கூடாது. பெயிண்டு இன்னும் காயலீங்க. உங்க வேட்டியில பட்டுதுன்னா என்ற மீசை உங்க தொடையில ஒட்டிக்கும்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? திருஷ்டிப் பூசணிக்காய்தானுங்க. வாசல்ல கட்டித் தொங்க விடுவாங்கல்ல, அது. மூஞ்சியை நல்லாப் பாருங்க. இப்ப என்ற மூஞ்சியைப் பாருங்க. ம்... சிரிச்சிட்டீங்க. பரவால்லீங்க, எல்லாரும் சிரிக்கறதுதான். நானேதான் அது.

இதா வந்துட்டான் கண்டக்டரு. என்ன தம்பி? காய்க்கு லக்கேஜா? அதுக்குத்தான் மடியில வெச்சிருக்கறனே. பாத்தீங்களா, "தலைவரே, ரெண்டு தலைவரா வந்திருக்கறீங்க"ன்னு சொல்லிப்போட்டுப் போறான். எங்க போனாலும் இப்படித்தானுங்க, தலைவரே தலைவரேன்னு. நான் பதவியில இருந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி. சனங்க மறக்க மாட்டேங்கறாங்க. கேலி பண்றாங்கன்னு என்ற சம்சாரம் சொல்றா. மயிலாத்தான்னு பேரு. நல்ல பொம்பளை, ஆனா அவளுக்கு அரசியல் தெரியாதுங்க.

நீங்க கடைசி ஸ்டாப்பா? அப்ப நேரம் கெடக்குது, சொல்றேன். என்ற பேரு சென்னியப்பன். சாத்தனாங்காட்டுவலசு ஊராட்சி. மூணேக்கரு தோட்டம், ரெண்டு மாடு, கூட்டுக் கிணத்துல பாதி. கூட்டுக் கிணறுன்னா, எனக்கும் என்ற சித்தப்பன் மகன் பொங்கியண்ணனுக்கும் சேத்து ஒரே கிணறு, ஒரே மோட்டாரு. ஆறு மணி நேரம் அவன் மொறை, ஆறு மணி நேரம் என்ற மொறை. ஒரு நாள் என்ற மொறையில கரண்டு போயிருச்சு. திரும்பி வர்றப்ப அவன் மொறை ஆரம்பிச்சிருச்சு. கரண்டு போன நேரம் யாரு தலையிலன்னு கேட்டேன். "கரண்டுக்காரன் தலையில"ன்னான். எப்படி இருக்கும் எனக்கு? அன்னைக்கு நிறுத்துன பேச்சுதான், ஏழு வருசம். ஸ்டார்ட்டர் பெட்டிதானுங்க எங்களுக்குள்ள பேச்சு. அவன் ஆஃப் பண்ணிட்டுப் போவான், நான் போயி ஆன் பண்ணுவேன்.

ஆனா ஊருக்குள்ள வந்து கேளுங்க, அண்ணன் தம்பி ஓரியாட்டம்னு வந்தா தீத்து வெக்கறது யாருன்னு. நான்தான். நாப்பது பஞ்சாயத்து பேசியிருப்பேன். "பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுங்கப்பா"ன்னு நான் சொன்னா, எப்பேர்ப்பட்டவனும் விட்டுக் குடுத்திருவான்.

காய் சமாச்சாரத்துக்கு வாரேன். போன வருசம் ரெண்டேக்கர்ல பூசணி போடலாம்னு மயிலாத்தா சொன்னா. ஆயுத பூஜைக்குக் காய் தயாராகோணும், அன்னைக்குத்தான் ஊரு ஒலகமெல்லாம் கடைக்குக் கடை, லாரிக்கு லாரி பூசணிக்காய் ஒடைக்கும். நல்ல யோசனைதான். நான் என்ன நெனச்சேன்னா, விதைப்பை ஒரு விழாவா வெச்சு, விவசாய அதிகாரி ஒருத்தரைக் கூட்டியாந்து, அவரு கையால மொத விதையைப் போட்டு, போட்டா எடுத்துப் பேப்பர்ல போட்டா, வரப் போற எலெக்சனுக்கு ஆகும்ல? அதிகாரி தேதி குடுத்தாரு. அப்புறம் மீட்டிங்குன்னாரு. அடுத்த தேதியில மழை. அதுக்கடுத்த தேதியில அவரையே வேற ஊருக்கு மாத்திப்போட்டாங்க. புதுசா வந்தவரு சார்ஜ் எடுத்து, நாள் பாத்து வர்றதுக்குள்ள மாசம் ஒண்ணரை ஓடிருச்சு. அதுவரைக்கும் மயிலாத்தா விதைப் பொட்டணத்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டே திரிஞ்சா. "ஏனுங்க, விதைக்கெல்லாமா ரிப்பன் வெட்டுவாங்க?"ன்னு கேட்டா. ரிப்பனும் வெட்டுனமுங்க. போட்டால நான் கண்ணை மூடிட்டேன், அது வேற விஷயம்.

அப்புறமென்ன? ஆயுத பூஜைக்கு எங்க காட்டுல எலுமிச்சங்காய் அளவுக்குப் பிஞ்சு. நோம்பி முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா, ஒண்ணொண்ணும் கொழந்தை மாதிரி சாம்பல் பூத்துப் படுத்துக் கெடக்குது. கேக்க நாதியில்ல. வெட்டி மாட்டுச் சாளையில அடுக்குனோம். மாட்டை வெளிய கட்டிப்போட்டுக் காயை உள்ள வெச்சமுங்க. ஊட்டுல காலைல பூசணிச் சாம்பாரு, மத்தியானம் மோர்க்கொழம்பு, பொழுதோட அல்வா. சொந்தபந்தம், ஒரம்பரை வர்றதே நின்னு போச்சு. மயிலாத்தா ஒரு வார்த்தை வைய மாட்டா. தட்டுல ஊத்திட்டு, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பா. வைஞ்சிருந்தாக்கூட எறங்கியிருக்கும்.

அந்த நேரத்துலதான் எலெக்சன் அறிவிச்சாங்க. தலைவர் பதவிக்கு நான் நிக்கறேன். எதுத்து யாருன்னு பாத்தா, பொங்கி! எங்க ஊருல வேற ஆளே இல்லையா? எனக்கு அந்தப் பதவி வேணுமுங்க. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது, கட்டாயம் வேணும். மொத தடவை இருந்தப்பத் தண்ணித் தொட்டி கட்டுனேன், தடுப்பணைக்கு எழுதிப் போட்டேன். அடுத்த தடவை தோத்துட்டேன், தடுப்பணை பேப்பரோட நின்னு போச்சு. ஆபீஸ் பக்கம் போனா புதுத் தலைவன் "உக்காருங்க"ன்னு பிளாஸ்டிக் சேரைக் காட்டுவான். நான் உக்காந்த சேரு எதுத்தாப்புல இருக்கும். ரொம்ப வேதனையா இருக்குமுங்க.

யூனியன் ஆபீஸ்ல சின்னம் குடுக்கற அன்னைக்குச் சொவத்துல படம் போட்டு ஒட்டியிருந்தாங்க. பொங்கி பூட்டு சாவி கேட்டு வாங்கிட்டான். எல்லாரும் கேக்கறது அதுதான். நான் மேல இருந்து கீழ பாக்கறேன், ஒரு மூலையில பூசணிக்காய்! சாளையிலயும் வாங்குவாரு இல்லாமக் கெடக்குது, சொவத்துலயும் கெடக்குது. "ஐயா, அது எனக்கு"ன்னேன். அதிகாரி கண்ணாடிய எறக்கி வெச்சு, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, மாத்த முடியாது"ன்னாரு. நான் யோசிக்கறதுக்கு என்னங்க, சாளை நெறைய யோசனை கெடக்குது!

நேரா டவுனுக்குப் போனேன். போர்டு எழுதற ஈசாக்கு இருக்கறாப்புல, திருஷ்டிக் காய்க்கெல்லாம் அவன்தான் மூஞ்சி வரையறது. வழக்கமா பல்லும் நாக்கும் வெச்ச அரக்கன் மூஞ்சி. "என்ற சின்னத்துல அரக்கனா? கௌரவமான மூஞ்சியாப் போடு"ன்னேன். "கௌரவமான மூஞ்சிக்கு நான் எங்கங்க போவேன்"ன்னு என்னையவே பாத்தான். பாத்துக்கிட்டே வரைஞ்சும் போட்டான். மீசையும் பொட்டுமா அச்சு அசலா வந்திருச்சு. அஞ்சு நாளு சாளையில படுத்து நானூறு காய்க்கு வரைஞ்சானுங்க. மயிலாத்தா எட்டிப் பாத்தா. நானூறு நானு வரிசையா உக்காந்திருக்கறேன். "ஒண்ணையே சமாளிக்க முடியல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

ஊட்டுக்கு ஊடு நானே போயிக் கட்டுனேன். பொங்கி ஊட்டு வாசல்லயும் கட்டுனேன். அவன் இல்லாத நேரமாப் பாத்துத்தான், சண்டை போடறதுக்கு எனக்கு நேரமில்ல. பறக்கும் படை ஜீப்பு வந்திருச்சு. ஓட்டுக்குப் பொருள் குடுக்கறதுன்னு எழுதறதுக்கு நோட்டைத் தொறந்துட்டாங்க. ராக்கியக்கான்னு ஒருத்தி, எங்க தெருதான், முன்னால வந்து, "ஏனுங்க ஆபீசரு, திருஷ்டிக்குக் கட்டுனதுங்க. இந்த மூஞ்சியைப் பாத்தா எந்தக் கெட்ட கண்ணு உள்ள வரும்?"னு கேட்டா. ஆபீசரு காயைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, நோட்டை மூடிட்டாரு. அந்தளவுக்கு என்ற மேல அன்புங்க ஊருக்கு.

சனமெல்லாம், "தலைவரே, இந்தத் தடவை நீங்கதான், பொங்கியண்ணனுக்கு டெபாசிட்டே தேறாது"ன்னாங்க. போற ஊடெல்லாம் இதே பேச்சு. பொங்கி ஊட்டுக்கும் போயி அவன்தான் ஜெயிப்பான்னு சொல்லியிருக்கறாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அது கெடக்கட்டும்.

ஒண்ணே ஒண்ணு நான் மறந்துட்டேன். ஓட்டுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி அமாவாசை.

அமாவாசை வந்தா வாசல் காயைக் கழட்டி, ஊட்டைச் சுத்தி, முச்சந்தியில ஒடைக்கோணும்ல? பொழுது சாயற நேரம், பிரச்சாரமெல்லாம் முடிஞ்சு நான் மூணு ரோட்டுக்கு வாரேன். ஊரே நிக்குது. ஒவ்வொருத்தரு கையிலயும் நானு. மூணு சுத்துச் சுத்தி, குங்குமத்தைக் கொட்டி, டமால்! அடுத்தவங்க, டமால்! பாக்கற பக்கமெல்லாம் என்ற மீசை செதறுது. ராக்கியக்கா என்னையப் பாத்ததும் காயைப் பின்னால மறைச்சா. அப்புறம் "உங்களக் குறி வெச்சு ஒடைக்கலீங்க தலைவரே, அமாவாசை வந்திருச்சு"ன்னு சொல்லிட்டு, ஓங்கிப் போட்டா பாருங்க ஒரு போடு! என்ற பாதி மூஞ்சி சாக்கடைக்குப் போயிருச்சு. "ஊருக் கண்ணெல்லாம் என்ற தலையோட போவட்டும், ஒடைங்க"ன்னு நானே கையெடுத்துக் கும்புட்டுச் சொன்னேன். தியாகம்னு எடுத்துக்கோணுமுங்க இதையெல்லாம்.

அப்பத்தான் பொங்கி டிவிஎஸ்ல வளைவு திரும்பி வர்றான். வேகமா ஒண்ணுமில்ல. ரோடெல்லாம் பூசணிச் சதை. வண்டி ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். கால் மேல வண்டி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுதுங்க.

கூட்டம் அப்படியே நிக்குது. அவனோட ஆளுங்க மைக்கு ஆட்டோவுல முன்னாலயே போயிட்டாங்க. என்ற ஆளுங்க என்ற மூஞ்சியைப் பாக்கறாங்க, தூக்கலாமா வேண்டாமான்னு. நான் ஓடுனேன். அவன் தலையைத் தூக்கி மடியில வெச்சேன். ஏழு வருசத்துல அவனைத் தொட்டது அப்பத்தானுங்க. கண்ணு மேல சொருகுது. "டே பொங்கி, டே பொங்கி"ன்னு கத்துனேன். பயந்துட்டனுங்க. சின்னப் பையனா இருக்கறப்ப நான்தான் அவனுக்கு அந்தக் கிணத்துல நீச்சல் பழக்குனது. எனக்கு எதுவும் தெரியல அப்ப.

சும்மா இல்லீங்க, கணக்குப் பண்ணித்தான் ஓடுனேன். எதிரியைத் தூக்கிட்டுப் போறவனுக்கு நூறு ஓட்டு சேந்து விழும். அரசியல்ல அதெல்லாம் இருக்குது.

பிரச்சாரத்துக்கு நான் வாடகைக்குப் புடிச்ச ஆம்னி வேன்ல போட்டு ஆஸ்பத்திரிக்குப் போறோம். பாதி வழியில கண்ணைத் தொறந்தான். ஏழு வருசம் கழிச்சு அவன் வாயில வந்த மொத வார்த்தை என்ன தெரியுமுங்களா? "அண்ணா, மோட்டாரு ஓடிட்டு இருக்குது."

"ஓடுனா ஓடட்டும்டா"ங்கறேன்.

"இல்லண்ணா, உன்ற மொறை. தண்ணி என்ற வயலுக்குப் போகுது. நீ பிரச்சாரத்துல இருக்கறயே, வீணாப் போகுதேன்னு பத்து நாளா நான்தான் பாய்ச்சிட்டு இருக்கறேன்."

எனக்கு எப்படி இருக்கும்? கால் ஒடஞ்சு கெடக்கறவனை அடிக்கவும் முடியாது. "கால் சரியாகட்டும், வெச்சுக்கறேன் உன்னைய"ன்னேன். அவன் சிரிச்சான். நானும் சிரிச்சிட்டேன். சிரிப்பு நிக்கலீங்க. டிரைவர் பையன் நாங்க அழுவறம்னு நெனச்சுக்கிட்டு வண்டிய வெரசலா ஓட்டுனான். கொஞ்சம் அழுதமோ என்னமோ.

மாவுக்கட்டு தொடை வரைக்கும். ஓட்டுப் போடற அன்னைக்கு அவனை யாரு கூட்டியாறது? அவனோட ஆளுங்க ஸ்ட்ரெச்சர்ல தூக்கியாந்து ஊர்வலம் வுடலாம்னு திட்டம் போட்டிருக்கறாங்கன்னு தெரிஞ்சுது. அனுதாப ஓட்டு! அதைக் கெடுக்கறதுக்குத்தான் நான் விடியக்காலமே போயி, சத்தமில்லாம என்ற ஆம்னியிலயே கூட்டியாந்துட்டேன். பள்ளிக்கோடத்து வாசல்ல நான் தோளு குடுக்க, அவன் நொண்டி நொண்டி வர்றான். சனம் அப்படியே பாக்குது. ராக்கியக்கா முந்தானையில கண்ணைத் தொடைக்கறா. யாருக்காகத் தொடைச்சாங்கறதுதான் இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

எண்ணுனாங்க. எனக்கு அறுநூத்திப் பன்னெண்டு. அவனுக்கு அறுநூத்திப் பதிமூணு.

ஒரு ஓட்டுங்க! மறுபடி எண்ணச் சொன்னோம். அதே பன்னெண்டு, அதே பதிமூணு. நான் அங்கயே பெஞ்சு மேல உக்காந்துட்டேன். பொங்கி மாவுக்கட்டோட வந்து பக்கத்துல உக்காந்தான். மாலையை எடுத்து எனக்குப் போட வந்தான், நான் தட்டி விட்டுட்டேன்.

எப்படிப் போச்சு அந்த ஒரு ஓட்டுன்னு ஊருல ஆராய்ச்சி பண்ணாத ஆளில்ல. தண்ணித் தொட்டி ஆபரேட்டர் மேல சந்தேகப்பட்டாங்க. என்ற மச்சினன் மேல சந்தேகப்பட்டாங்க, அவன் கோயில்ல சத்தியமே பண்ணிட்டான் பாவம். மயிலாத்தா மட்டும் யாரையும் கேக்கல. என்ற வெரல்ல மை இருக்குதான்னு பாத்தா. "கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானுங்க குத்துனீங்க?"ன்னா. ஆமான்னேன். அப்புறம் இன்னைக்கு வரைக்கும் கேக்கல.

மாவுக்கட்டு பிரிக்கிற வரைக்கும் அவன் வயலுக்கும் நான்தான் மோட்டாரு போட்டு விட்டேன். பாசத்துல இல்லீங்க, அடுத்த எலெக்சன் இருக்குதுல்ல? ஆபீஸ் போற அன்னைக்கெல்லாம் அவன் சேருக்குப் பக்கத்துலயே எனக்கு இன்னொரு மரச் சேரு போடறான். தடுப்பணைக்கு மறுபடி எழுதியிருக்கறோம். எழுதறது நானு, கையெழுத்து அவன். நாளைக்கு ஊராட்சி ஆபீசுக்குப் புதுக் கட்டடம் தெறக்கறாங்க. அதுக்குத்தான் இந்தக் காய். "அண்ணா, வாசல்ல கட்டறதுக்கு உன்ற மூஞ்சி போட்ட காய்தான் வேணும். உன்னையத் தாண்டித்தான் நான் உள்ள போகோணும்"ன்னான். அமாவாசைக்கு ஒடைப்பயாடான்னு கேட்டேன். "ஒடைக்காம எப்படிண்ணா? ஒடைச்சிட்டு அடுத்ததைக் கட்டுவோம். வருசம் முச்சூடும் காய் வேணும், போட்டு வுடு"ன்னான். இந்தத் தடவை பருவத்துலயே விதைச்சாச்சுங்க. மயிலாத்தாளே போட்டா, நான் ஊருல இல்லாத நாளாப் பாத்து. தண்ணி அவன் மொறையில இருந்து ஒரு மணி நேரம் எச்சாவே விடறான்.

அதா, புளியமரம் தாண்டுனா எங்க ஸ்டாப்பு. சித்தெ குனியுங்க. நீங்க வெளியூருங்கறதனால சொல்றேன். மயிலாத்தாளுக்கே சொன்னதில்ல.

அந்த ஒரு ஓட்டு நான் குத்துனதுங்க.

உள்ள நாலு கலர்ல நாலு சீட்டுக் குடுத்தாங்க. தலைவருக்கு ரோஸ் கலரு. அதை விரிச்சு வெச்சு, பூசணிக்காய் மேல முத்திரையைக் கொண்டு போறேன். சனம் சொன்னது ஞாபகம் வருது, பொங்கிக்கு டெபாசிட்டு தேறாதுன்னு. நான் எப்படியும் எண்ணூறு ஓட்டுல ஜெயிக்கறேன். எங்க சித்தப்பன் மகன், ஒரே குலதெய்வம், ஊரு முன்னால டெபாசிட்டு போயி, கட்டுக் காலோட நின்னான்னா யாருக்கு அசிங்கம்? எனக்குத்தானே? வெளிய எட்டிப் பாத்தேன். வாசல்ல ஒத்தைக் கால்ல, சொவத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கறான். எண்ணூறுல ஒண்ணு கொறைஞ்சா என்ன கெட்டுப் போச்சுன்னு பூட்டு சாவி மேல குத்திட்டனுங்க.

சிரிக்காதீங்க. ஏனுங்க, நீங்க எதுக்குக் கண்ணைத் தொடைக்கறீங்க? பெயிண்டு வாசமா?

தம்பி, விசிலடி! எறங்கோணும்! சித்தெ இந்தக் காயைப் புடிங்க, நான் எறங்குனதும் சன்னல் வழியாக் குடுங்க. மீசையில கை வெக்காதீங்க. அதா, கைத்தடி ஊனிக்கிட்டு நிக்கறான் பாருங்க, அவன்தானுங்க எங்க பிரசிடெண்டு. வெயில்ல வந்து நிக்காதடான்னா கேக்க மாட்டான்.

ஏனுங்க, ஓட்டுச் சமாச்சாரம் உங்களோட இருக்கட்டும். அவன் காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே ராஜினாமாவை எழுதி என்ற கையில குடுத்துப்போடுவான், கிறுக்கன். அவனுக்கு அரசியல் தெரியாதுங்க.